தொண்டைமான் இங்கே இல்லை

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. மதுரைக்குப் படிக்கப் போன முதல் நாள் விடுதியில் இதைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரன் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "கட்டபொம்மனைப் பிடிச்சுக் குடுத்த ஊரா?" என்றான்.

இல்லையப்பா, அது தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை, திருச்சிக்குத் தெற்கே. எங்களுடையது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், விரைவுப் பேருந்துகள் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிற புதுக்கோட்டை. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர் முறை. கட்டபொம்மன் கதையில் எங்களுக்குக் காட்டிக் கொடுக்கிற வேஷம் தரப்படவில்லை. கூட்டத்தில் நிற்கிற வேஷம்தான். மூன்று வருடம் இதையே விளக்கினேன். கடைசிப் பரீட்சை முடிந்து பெட்டியோடு கிளம்பியவன் பேருந்து ஜன்னலிலிருந்து கையசைத்து, "வாரேன் தொண்டைமான்!" என்று கத்தினான்.

ஒரே கதையில் ஒரே பெயரில் இரண்டு ஊர் வைக்கக் கூடாது. கதை கட்டுகிறவனுக்கு அரிச்சுவடி அது. எங்கள் பக்கத்து வரலாறு அரிச்சுவடி படிக்காமலே நேராக எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது.

இந்தப் பழைய எரிச்சலைக் கிளப்பிவிட்டவன் என் அக்கா மகன். லீவுக்கு வந்தவன் நாள் முழுக்க செல்போனும் கையுமாகக் கிடந்தான். எட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒருத்தர் பகடையை உருட்டுகிறார். மற்றவர்கள் கோல் விழுந்த மாதிரி கத்துகிறார்கள். அது 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டாம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். யார் செய்வது பலிக்கும், யாருடைய வாள் கைநழுவும் என்பதை இருபது முகம் வைத்த பகடை தீர்மானிக்கும். கட்டியங்காரன் கையில் தாயக்கட்டையைக் கொடுத்துத் தெருக்கூத்தை நடத்தச் சொன்ன மாதிரி. நிகழ்ச்சியின் பெயர் கிரிட்டிக்கல் ரோல், 2015-ல் தொடங்கியது. முதல் கதை 115 பகுதி, இரண்டாவது 141. ஒவ்வொன்றும் மூன்று மணி, நாலு மணி நேரம் ஓடும். நம் மெகா சீரியல்காரர்கள் கேட்டால் கண் கலங்குவார்கள்.

"பிறகு ஏன்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றேன்.

"கதையே சரியில்ல மாமா. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு நடக்கவே மூணு எபிசோடு. மெயின் வில்லன் யாருன்னே தெரியல. ஒண்ணுமில்லாத சில்லறைச் சண்டைய இழுத்துக்கிட்டே போறானுவ. நல்ல கேரக்டர் ஒருத்தன் இருக்கான், அவன மூலையில உக்கார வச்சிட்டானுவ."

ஒவ்வொரு நெடுங்கதைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேம்பெய்ன்'. படையெடுப்பு என்றும் அதற்கு அர்த்தம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவன் சொன்ன ஒவ்வொரு குறையும் பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் இருக்கிறது. அதுவும் இருநூறு வருடத்துக்கு மேலாகக் கும்மியாக, கூத்தாக, கதைப்பாடலாக, நாடகமாக, சினிமாவாக ஓடுகிற நிகழ்ச்சிதான். நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"ஏல, போன வையி. நான் ஒரு கேம்பெய்ன் சொல்லுதேன்."

முதல் காட்சியிலேயே இரவல் சரக்கு. வேட்டைக்குப் போனார்களாம், ஒரு முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டியதாம், வீரம் விளைந்த மண் என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஜயநகரத்துக்கும் இதே முயல். குஜராத்தில் அகமதாபாத்துக்கும் இதே முயல். இந்தியா முழுக்க ஓடிக் கோட்டைக்கு இடம் காட்டிக் களைத்த அந்த முயல், கடைசியில் ஓட்டப்பிடாரம் பக்கம் வந்து மூச்சு வாங்கியிருக்கிறது.

அடுத்தது பெயர்க் குழப்பம். கட்டபொம்மன் என்பது ஒருத்தர் பெயர் மட்டுமில்லை, வம்சப் பெயர். அவருடைய அப்பாவும் கட்டபொம்மன்தான். எதிரி எட்டப்பன் என்பீர்கள். எட்டையபுரத்தில் பட்டத்துக்கு வந்த எல்லோருமே எட்டப்பன்தான். ஆக ஒரு கட்டபொம்மனுக்கும் ஒரு எட்டப்பனுக்கும் பகை. பின்னணியில் இரண்டு புதுக்கோட்டை. முதல் எபிசோடு பார்க்காதவன் செத்தான்.

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி. 1798 ஆகஸ்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கி விஷயமாக இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரத்தில் தன்னை வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு ஓலை விடுகிறார். விட்டுவிட்டுத் தாமே ஊர்சுற்றக் கிளம்புகிறார். வரச் சொன்னவர் வீட்டில் இல்லை. குற்றாலத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கட்டபொம்மன் பரிவாரத்தோடு குற்றாலம் போனால், இங்கே பார்க்க முடியாது என்கிறார் துரை. சொக்கம்பட்டி. பார்க்க முடியாது. சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர். முடியாது, முடியாது. கமுதியும் தாண்டியாகிவிட்டது. 23 நாள், 400 மைல். மறவர் சீமையின் புழுதி முழுவதையும் தின்றுவிட்டு செப்டம்பரில் ராமநாதபுரம் போய்ச் சேர்கிறார்கள்.

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நிஜமாவா மாமா? அந்த ஷோவே தேவலாம் போல."

நிஜம்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு அலைந்திருப்பவர்களுக்கு இது வரலாறே இல்லை, போன வாரம். சினிமாக்காரர்கள் இந்த நடையைச் சுருக்கிவிட்டார்கள். நான் படம் எடுத்தால் இடைவேளை வரை இதுதான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு டவாலி வெளியே வந்து கையை விரிப்பான்.

ராமநாதபுரத்தில் என்ன நடந்தது? நமக்கெல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். சினிமாவில் சிவாஜி நெஞ்சை நிமிர்த்துவார், நாற்று நடுவதில் தொடங்கி மஞ்சள் அரைப்பது வரை வரிசையாக வரும், கொட்டகை இடியும். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனத்தை ஆண்டுவிழா மேடையில் பேசாத பையன் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. நானும் அட்டை மீசையோடு பேசியவன்தான், பாதியில் மீசை விழுந்து அதையும் மிதித்தவன்தான். ஆனால் 1798-ல் ஜாக்சன் பேசியது ஆங்கிலம். கட்டபொம்மன் வீட்டில் பேசியது தெலுங்கு. நடுவில் துபாஷி இல்லாமல் அந்தச் சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை. அப்பேர்ப்பட்ட வசனத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டு வேர்த்து நிற்கும் அந்தத் துபாஷியை நினைத்துப் பாருங்கள். கைதட்டல் அவருக்குப் போயிருக்க வேண்டும்.

கணக்குப் புத்தகம் சொல்வது இன்னும் மோசம். பாளையக்காரரையும் அவருடைய மந்திரி சுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்து ஜாக்சன் கணக்குப் பார்த்தார். பார்த்தால், கிஸ்தியில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மிச்சம் 1080 பகோடா. (பகோடா என்பது அந்தக் காலத்து நாணயம். டீக்கடை நினைவு வருகிறவர்கள் மன்னிக்கவும்.) நாடு நடுங்கிய வசனத்துக்குப் பின்னால் சிட்டையில் இருந்த பாக்கி அவ்வளவுதான். மருமகன் சொன்ன சில்லறைச் சண்டை இதுதான்.

ஆனாலும் பகடை உருண்டது. வெளியேறப் பார்த்தவர்களைக் கோட்டை வாசலில் மறித்ததில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். பிள்ளை மாட்டிக்கொண்டார். கட்டபொம்மன், தம்பி ஊமைத்துரையின் உதவியோடு தப்பினார். அந்தத் தம்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை அவரைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

இதற்குமேல் ஒரு திருப்பம், எந்தக் கதாசிரியனும் துணியாதது. கம்பெனி விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் வேலை போனது! கதை சுபமாக முடிந்துவிட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நிகழ்ச்சியை ஓட்டியாக வேண்டுமே. புதுக் கலெக்டர் லூஷிங்டன் வருகிறார். பழைய பாக்கி புதிதாக முளைக்கிறது. கதைப்பாடல் இந்த இடத்தில் கம்பெனியைவிட அந்த மந்திரியை, தானாபதிப் பிள்ளையைத்தான் அதிகம் நோண்டும். பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்கு நெல் போதவில்லை, ஸ்ரீவைகுண்டம் களஞ்சியத்தை உடைத்து அள்ளிவிட்டார்கள், ராஜாவுக்கே பிறகுதான் தெரியும் என்று போகும். கல்யாணப் பந்திக்கு அரிசி போதாமல் ஒரு பாளையம் அழிந்தது என்று எங்கள் ஊர்ப் பாட்டிகள் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பந்தியில் சோறு பற்றாமல் போவது எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட குற்றம்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் வந்தார், கோட்டையை முட்டினார், முதலில் முடியவில்லை. கட்டபொம்மன் வெளியேறினார். பிள்ளையைப் பிடித்து நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். திருமயம் பக்கத்துக் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபரில் கயத்தாற்றில், மற்ற பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, புளியமரத்தில் தூக்கு.

இங்கேதான் கதை நடத்தியவர்கள் பண்ணிய பெரிய குளறுபடி. பிடித்தது தொண்டைமான், தமிழில் துரோகத்துக்குப் பெயர் எட்டப்பன்! எட்டையபுரம் கம்பெனி பக்கம் நின்றது, சண்டையில் கூடவே வந்தது, எல்லாம் சரி. ஆனால் காட்டில் கை வைத்தவர் ஒருவர், அகராதியில் ஏறியவர் இன்னொருவர். தொண்டைமானுக்கு வந்த அதிர்ஷ்டத்தை இன்னும் கேளுங்கள். கம்பெனிக்குச் செய்த உதவிகளுக்காக 1803-ல் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் கொடுத்தார்கள். அதற்குக் கப்பமாக ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்று பேச்சு. ஒரு வருடமும் யானை போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. 1836-ல் அந்தக் கப்பத்தையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். 1080 பகோடா பாக்கிக்கு ஒருத்தரை 400 மைல் நடக்க வைத்த கம்பெனிதான், முப்பது வருட யானைப் பாக்கியை மறந்துவிட்டுப் போனது.

மருமகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "முப்பது யானையா மாமா!"

"அதான் பெரிய புதுக்கோட்டை. நம்ம ஊர்ல ஒரு சைக்கிளுக்குத் தவணை தவறினா வீட்டுக்கே வந்துருவான்."

கயத்தாற்றோடு திரை விழுகிறது. 1959 மே மாதம் வந்த பந்துலுவின் கட்டபொம்மன் படமும் அங்கேதான் முடிந்தது. மறு வருடம் கெய்ரோவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அவரே கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலையும் வைத்தார். கட்டபொம்மன் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சிவாஜியைத்தான் வரைவார்கள். ம.பொ.சி. புத்தகம் எழுதி அவரை வீரராக்கினார். தமிழ்வாணன் புத்தகம் எழுதிக் கொள்ளைக்காரர் என்றார். இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டது கயத்தாறு வரை உள்ள கதைக்குத்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அசல் கதை என்பது என் கட்சி. இரண்டாம் பாகம் முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிடும்.

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் இருபது பேருக்கு விருந்து. துரைமார்களும் துரைசானிகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்குப் பிறகு அடைத்து வைத்திருந்த சிறையிலிருந்து ஊமைத்துரையும் கூட்டாளிகளும் வெளியேறினார்கள். விறகுக் கட்டுக்குள் ஆயுதம் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்க்கதை. கம்பெனிப் படை துரத்திக்கொண்டு ஒரு வாரத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால், இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது. ஆறு நாள் வேலை. (அரசாங்கம் 1974-ல் நினைவுக் கோட்டை ஒன்று கட்டியது. அதன் டெண்டர் விவரங்களுக்குள் நான் போகவில்லை.)

இந்தக் கூத்தையெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830-ல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் ஊமைத்துரை வருகிற இடம் எனக்கு மனப்பாடம். நோஞ்சான் உடம்பு, பேச வராது. ஆனால் அவர் தலையசைத்தால் அது தெய்வ வாக்கு. சண்டைக்கு எப்படி ஆணையிடுவார்? சில வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. எந்த நேரம், எப்படி என்று சைகை காட்டுவார். பிறகு வாயால் 'உஸ்ஸ்' என்று ஓர் ஒலி எழுப்பி, வலது கையால் அத்தனையையும் ஒரே வழிப்பாகத் துடைத்துவிடுவார். தாக்குங்கள் என்று அர்த்தம். முன்னால் ஓடுகிறவரும் அவரே.

மருமகன் எழுந்து போய்த் துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்கை உருவி வந்து, ஒடித்து, தன் உள்ளங்கையில் அடுக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மாமா, இது மினியேச்சர். இப்படித்தான் அவங்களும் மேசையில பொம்ம வச்சு வெளையாடுதாங்க. இந்த ஆளு 1801-லயே வெளையாடிருக்காரு."

மேசை கிடையாது, பகடை கிடையாது, கதை சொல்ல வாயும் கிடையாது. ஆனாலும் 1801 மார்ச் 31-ல் அந்த மண்சுவரில் ஏறப் போன கம்பெனிப் படை நொறுங்கித் திரும்பியது. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்த பிறகு, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

இடையில் எங்கள் கரைக்கும் ஒரு காட்சி உண்டு. ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். துறைமுக அதிகாரி பேகட்டைக் கைதியாக்கிப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே போய்க் கெஞ்சினார். விட்டுவிட்டார்கள். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று வரிசையாக வந்து பிடித்தவர்கள் எத்தனை பேர். வீட்டுக்காரம்மா வந்து கேட்டதும் கைதியை அனுப்பி வைத்தவர்கள் இவர்கள்தான். நான் கேட்ட வரை இந்தக் காட்சிக்குக் கும்மி இல்லை, பாட்டு இல்லை.

கோட்டை விழுந்த இரவுக்கும் இல்லை. குற்றுயிராகக் கிடக்கும் மகனைத் தேடிப் போகிறாள் ஒரு தாய். கண்டுபிடித்துவிடுகிறாள். என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைத் தூக்கு என்கிறான் மகன். சாமி என்றால் ஊமைத்துரை. ஊருக்குத் தூக்கி வந்து, தேடுகிறவர்கள் வருவது தெரிந்ததும் வெள்ளைத் துணியால் போர்த்தி, அம்மை போட்டு இறந்த பிள்ளை என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் எட்டையபுரத்து ஆட்கள் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். இதையும் எழுதி வைத்தவர் அதே வெல்ஷ். மகன் செத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்திக்குப் பிறந்தவனைத் தூக்கிய அந்த அம்மாவின் பெயரை அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கிண்டல் செய்து எழுத உட்கார்ந்தவன். இந்த இடத்தில் எனக்கு எதுவும் வரவில்லை.

பிறகு ஊமைத்துரை சிவகங்கை போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்ட அதே வெல்ஷ், இப்போது அந்த மருதுவைத் துரத்தும் படையில். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருதுகளுக்குத் தூக்கு. நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்குத் தூக்கு. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள்.

சினிமாவில் இந்தப் பாகம் ஏன் வரவில்லை என்று மருமகன் கேட்டான். 1959-ல் ஒரே மாதத்தில் இரண்டு படம். பந்துலு கட்டபொம்மனை எடுத்துக்கொண்டார். கண்ணதாசன் 'சிவகங்கைச் சீமை'யில் மருதுகளை எடுத்துக்கொண்டார். ஒரே கதையை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த மாதிரி ஆளுக்குப் பாதி வாங்கிப் போனார்கள். நடுச்சுவரில் நின்ற ஊமைத்துரை இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார். பந்துலுவும் சிவாஜியும் 1961-ல் மறுபடி சேர்ந்தபோதும் ஓட்டப்பிடாரம் வரை வந்தார்கள். ஆனால் அங்கே பிறந்த வ.உ.சி.யை எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள்.

மருமகன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது துடைப்பத்தில் பாதி ஈர்க்கைக் காணவில்லை. நண்பர்களோடு சேர்ந்து பாஞ்சாலங்குறிச்சியை விளையாடப் போகிறானாம். ஊமைத்துரையாக வருகிறவன் வாய் திறந்தால் ஆட்டத்திலிருந்து வெளியே என்று விதி வைத்திருக்கிறான்.

நீங்களும் பாஞ்சாலங்குறிச்சிக்கு வாருங்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்து கிட்டத்தில்தான், சண்டையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. வருகிற வழியில் எங்கள் ஊரில் டீ குடிக்க இறங்கினால் கடைக்காரரிடம் தொண்டைமானை மட்டும் விசாரிக்காதீர்கள். அவருடைய புதுக்கோட்டைக்கு மதுரை தாண்டிப் போக வேண்டும்.